பொருள்: ஒழுகும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வண்டிக்கான பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். உயரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனில் எண்ணெய் கசிந்தால் செப்பனிடுவதா, அல்லது மொத்தமாக எடுத்துவிட்டுச் சாதாரண வில்லும் ஷாக் அப்சார்பரும் போடுவதா என்று ஓர் அதிகாரம். ‘நீரியல் தொங்கல்’ என்று வைத்திருக்கிறேன். அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் அக்யுமுலேட்டருக்குச் ‘சேமக்கலன்’. சரிதானா?

எளியன்:
சஸ்பென்ஷன் என்றே விடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் எண்ணெய்க் கையோடு அகராதி புரட்ட மாட்டார்.

பழந்தமிழ்:
‘தொங்கல்’ வேதியியல் பாடத்தில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. நம்மிடம் ‘தூங்கல்’ இருக்கிறதே! சங்கத் தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். சோழன் செம்பியன் அழித்த ‘தூங்கெயில்’ உறங்கிய கோட்டையா? வானில் தொங்கிய கோட்டை. அசைந்து நிற்பதால் யானைக்கும் தூங்கல் என்று பெயர். வஞ்சிப்பாவின் ஓசையும் தூங்கலோசையே. தொங்கவும் வேண்டும், இதமாக அசையவும் வேண்டும் என்றால் ‘தூங்கமைப்பு’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

எளியன்:
‘தூங்கமைப்பு பழுது’ என்று எழுதினால் சீட்டைச் சாய்க்க முடியவில்லை என்று நினைப்பார்கள்.

பணிமனை:
ஐயா, இந்த வண்டியில் எதுவும் தொங்கவில்லை. குதிரை வண்டிப் பெட்டியைத் தோல்வாரில் கட்டித் தொங்கவிட்ட காலத்துப் பெயர் அது. இங்கே முன்பக்கம் முறுக்குத் தண்டு, பின்பக்கம் சுருள்வில். இரண்டும் எடையில் ஒரு பங்கைத்தான் சுமக்கின்றன. மீதி எண்ணெய் அழுத்தத்தின் பாடு. அதனால்தான் ஹைட்ராலிக்கை மட்டும் எடுத்தால் வண்டி உட்கார்ந்துவிடும். தடித்த முறுக்குத் தண்டு, விறைப்பான சுருள்வில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆகவே ‘தாங்கல்’ என்பதுதான் நடப்பதைச் சொல்கிறது.

‘சேமக்கலன்’ மட்டும் வேண்டவே வேண்டாம். இயற்பியல் புத்தகத்தில் அது பேட்டரி. ‘சேமக்கலனைக் கழற்றுக’ என்று படித்து ஒருவர் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆபத்து நீங்கியது என்று குழாய் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பேட்டரியைத் துண்டித்தாலும் அழுத்தம் அப்படியே இருக்கும். வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, காற்று நீக்கும் திருகில் குழாய் மாட்டி மெல்லத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் இரண்டு பொருளுக்கு ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு கோளங்கள். உள்ளே சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். பம்ப் பக்கம் அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் உருளை வேறு.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் ‘வாயுக்கோளம்’, ‘அழுத்தத் திரட்டி’?

எளியன்:
திரட்டி என்றால் வலைப்பதிவுகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதனால் யாருக்கும் காயம் படாது, போகட்டும்.

இலக்கணி:
தாங்கலை ஏற்குமுன் யோசியுங்கள். ஊர்ப் பெயர்களில் தாங்கல் என்பது ஏரி. ‘நீரியல் தாங்கல்’ என்றால் பொதுப்பணித் துறைக் கோப்பு மாதிரி இருக்கிறது. மனத்தாங்கலும் உண்டு. ‘தாங்கமைப்பு’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. நீரியல் நீர்வளப் படிப்புக்குப் போய்விட்டது. வண்டியில் ஓடுவதோ எண்ணெய்.

பழந்தமிழ்:
ஹைட்ராலிக்கின் கிரேக்க வேரிலும் தண்ணீர்தானே இருக்கிறது? அவர்களுக்கு ஆகும், நமக்கு ஆகாதா? வேண்டுமானால் ‘நீர்மம்’ என்று திருத்துங்கள்.

இலக்கணி:
கோளத்தில் வாயுவும் இருப்பதால் ‘பாய்மம்’ இன்னும் சரி. திரவம், வாயு இரண்டும் அதில் அடங்கும்.

பணிமனை:
பாய்மம் என்று என் பையன்களிடம் சொன்னால் பாய் எங்கே என்பார்கள். ‘எண்ணெயழுத்தம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, ‘எண்ணெயழுத்தத் தாங்கமைப்பு’ என்று வைக்கிறேன். முதல்முறை வரும் இடத்தில் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் என்றும் சேர்த்து எழுதுவேன். பணிமனை, இலக்கணி ஆதரவு. எளியன் மௌனம், அதைச் சம்மதமாகக் கொள்கிறேன். செப்பனிட எடுப்பது ‘கழற்றல்’, திரும்பப் பூட்டாமல் எடுப்பது ‘அகற்றல்’.

எளியன்:
மௌனம் சம்மதம் இல்லை. அலுப்பு.

பணிமனை:
அகற்றல் அதிகாரத்துக்கு முன்னால் சோதனையை வையுங்கள். வண்டியை உயர நிலைக்கும் தாழ்ந்த நிலைக்கும் மாற்றி, எண்ணெய்த் தொட்டியின் மட்ட வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கோளங்கள் புதிதாக இருந்தால் தொட்டியின் அளவுக்கோடுகளில் சுமார் 14 கோடு வித்தியாசம் இருக்கும். 7க்குக் கீழே போனால் கோளம் மாற்றும் காலம். பலர் கோளம் செத்ததை அறியாமல் மொத்த அமைப்பையும் பிடுங்கி எறிகிறார்கள். அதேபோல் ஷாக்கில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் என்றால் ‘கசிவு’, கவனித்தால் போதும். சொட்டினால் ‘ஒழுக்கு’, உடனே வேலை. இரண்டையும் கலக்காதீர்கள்.

பழந்தமிழ்:
ஒழுக்கா? ஒழுகுதலிலிருந்து பிறந்ததுதான் ஒழுக்கம். நெறிப்படி இடையறாமல் செல்வது. கெட்டுப்போன ஷாக்குக்கு அந்தச் சொல்லைத் தர எனக்கு உடன்பாடில்லை. ‘சொட்டு’ போதாதா? தூங்கமைப்பையும் நான் திரும்பப் பெறவில்லை என்று பதிவு செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிவு செய்தேன். ஒழுக்கு இப்போதைக்கு இருக்கட்டும். அதிர்வைத் தணிக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் ‘டேம்பிங் ஃபோர்ஸ் கன்ட்ரோல்’ இன்னும் மிச்சம்; அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.