அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்கிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். தம்பிக்கு 27 வயது, இங்கேயே பிறந்தவன். ஒரு சிங்களப் பிள்ளையை விரும்புகிறான். போன மாதம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு மேசையில் வைப்பதோடு சரி, அவனோடு ஒரு கதையும் இல்லை.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தவர். அப்போது 14 வயது. வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, ‘பால்திய’ என்று சரியாகச் சொல்ல வராதவர்களைத் தமிழர் என்று பிடித்து அடித்த நாட்கள். அம்மப்பா இரவிரவாக அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தாராம். அப்புறம் அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் வடக்கே காங்கேசன்துறை. இதை அம்மா எனக்குச் சொன்னதே ஒரு தடவைதான். தம்பிக்குச் சொன்னதில்லை. அவனோ, “அவள் பிறக்க முதல் நடந்ததற்கு அவள் என்ன செய்வாள்?” என்று கத்துகிறான். நியாயம்தான், ஆனால் கத்துகிற விஷயமா இது?

இப்படி ஒரு வீட்டைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தப் பிள்ளையை முதலில் எங்கே சந்திக்க வைத்தீர்கள், வீட்டிலா வெளியிலா? 83ஐத் தெரிந்து, தமிழில் பேசக்கூடிய மனநல ஆலோசகர் யாரும் இருந்தாலும் சொல்லுங்கள். சொந்தக்காரரை இதற்குள் இழுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.