ஐஸ்கேப் இசை இல்லாத சோனிக் ஆரிஜின்ஸ் முழுமையான தொகுப்பா?

மெகாடிரைவ்_வாசி:
"சேகா நிறுவனத்தின் பழைய சோனிக் வீடியோ ஆட்டங்கள் நான்குக்கும் 2022-இல் வந்த சோனிக் ஆரிஜின்ஸே முழுமையான தொகுப்பு" என்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதியிருப்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1994-இல் வந்த மூன்றாம் சோனிக் ஆட்டத்தில் ஐஸ்கேப், கார்னிவல் நைட், லாஞ்ச் பேஸ் ஆகிய பகுதிகளுக்கு உரிய இசையை நீக்கிவிட்டு வேறு இசையைச் சேர்த்திருக்கிறார்கள். பனிச்சரிவில் சோனிக் பலகைமீது சறுக்கி இறங்கும்போது அந்த இசை ஒலிக்காவிட்டால் அது ஐஸ்கேப்பே அல்ல.

அகலத்திரை:
அதை எழுதியவன் நான்தான். ஒரு கார்ட்ரிட்ஜின்மேல் (ஆட்டம் பதிந்த செருகுபெட்டி) இன்னொன்றைச் செருகி ஆடிய மூன்றாம் ஆட்டமும் சோனிக் அண்ட் நக்கிள்ஸும் இதில் ஒன்றாக, அகலத்திரையில் கிடைக்கின்றன. நீங்கள் பழிக்கும் இசையும் புதிதன்று. 1993-இன் சோதனைப் பதிப்பிலும் 1997-இன் கணினிப் பதிப்பிலும் இருந்ததுதான்.

மெகாடிரைவ்_வாசி:
அந்தச் சோதனைப் பதிப்பு 2019-இல்தான் பொதுவெளிக்கு வந்தது. 1994-இல் கடையில் விற்ற கார்ட்ரிட்ஜில் எது ஒலித்ததோ அதுவே மூலம். மைக்கேல் ஜாக்சனுடன் பணியாற்றிய இசைக்கலைஞர் பிராட் பக்சரின் பெயர் ஆட்டத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலிலேயே இருக்கிறது. ஐஸ்கேப்பின் மெட்டு அவர் முன்பு இருந்த ஜெட்சன்ஸ் இசைக்குழுவின் பாடலிலிருந்து வந்தது. இவ்வளவு வரலாறு உடைய இசையை எடுத்துவிட்டு முழுமை என்பது எந்த ஊர் நியாயம்?

வளையக்காரன்:
இசையை விடுங்கள். ஆரிஜின்ஸில் புதிதாகச் சேர்த்த ஆனிவர்சரி முறையில் உயிர்களுக்குக் கணக்கே இல்லாமல் செய்து, ஆட்டத்திலேயே சேரும் நாணயம் கொடுத்துச் சிறப்புக் கட்டத்தை மீண்டும் ஆடவும் விட்டிருக்கிறார்களே, அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

அகலத்திரை:
சிறுவர்களும் ஆடி முடிக்க வேண்டாமா? கார்னிவல் நைட்டில் வழியை அடைத்து நிற்கும் உருளையில் மாட்டி, பத்து நிமிட வரம்பு தீர்ந்து உயிரை விட்ட காலத்தைப் பெருமை என்று எண்ணாதீர்கள்.

மெகாடிரைவ்_வாசி:
அந்த உருளைமீது நின்று குதிக்காமல், மேல் பொத்தானையும் கீழ் பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்தினால் அது தாழ்ந்து வழிவிடும் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவன் நான். சென்ற ஆண்டு இதே இடத்தில் அதைப் பொய் என்றவர் நீங்கள். அது கிடக்கட்டும். அந்த உருளையைத் தாண்டும்போது ஒலித்த இசை எங்கே?

வளையக்காரன்:
வேண்டுமானால் பழைய பதிப்பை வாங்கிக்கொள்ளலாமே.

மெகாடிரைவ்_வாசி:
எங்கே போய் வாங்குவது? ஆரிஜின்ஸ் வருவதற்கு முந்தைய மாதமே தனித்தனி ஆட்டங்களைப் பெரும்பாலான இணையக் கடைகளிலிருந்து சேகா நீக்கிவிட்டது. மாற்று வழியையும் அடைத்துவிட்டுக் குறையுள்ளதை விற்பதுதான் என் வருத்தம்.

அகலத்திரை:
உரிமச் சிக்கல் இருந்திருக்கலாம். மூன்று பகுதிகளின் இசைக்காக நான்கு ஆட்டங்களையும் தள்ளிவிட முடியாது. என் தீர்ப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

மெகாடிரைவ்_வாசி:
சிக்கல் இருந்தால் அட்டையில் சொல்லி விற்கட்டும். பழையபடியே ஆடுவதற்குக் கிளாசிக் முறை என்று பெயரிட்ட இடத்திலும் ஐஸ்கேப்புக்கு அந்த இசை இல்லை. இதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.