தாராவியில் இணையப் பாதுகாப்பு வகுப்பு நடத்த அரசு மானியம் கிடைக்குமா, எங்கே விண்ணப்பிப்பது?

தாராவி_மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 90 அடி சாலைக்குப் பக்கத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சிறிய டிரஸ்ட் நடத்துகிறோம். மாலையில் டியூஷன், லீவு நாளில் கொஞ்சம் கம்ப்யூட்டர். சாரிட்டி கமிஷனரிடம் பதிவு இருக்கிறது, டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு தரும் 12ஏ பதிவு இருக்கிறது, நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகை தரும் 80ஜிக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

கொஞ்ச நாளாக வகுப்பில் பாடத்தைவிட போன் சங்கதிதான் பெரிதாக இருக்கிறது. எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணின் படத்தை யாரோ எடுத்து அசிங்கமாக மாற்றி அவளுக்கே அனுப்பி மிரட்டியிருக்கிறார்கள், அவள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள், அவளுடைய தோழி சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. இன்னொரு அம்மா, வீட்டு வேலைக்குப் போகிறவர், "கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு கட் செய்துவிடுவோம்" என்று வந்த மெசேஜை நம்பி அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்ன ஆப்பைப் போனில் ஏற்றி, சீட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுக்கப் போய்விட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மறுநாள் சாயங்காலம் எங்களிடம் வந்து உட்கார்ந்து அழுதார்.

அதனால் வார இறுதியில் பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும் தனித்தனியாக, தமிழிலும் ஹிந்தியிலும், ஒரு வருடம் தொடர்ந்து வகுப்பு எடுக்க நினைக்கிறோம். இரண்டு பேருக்குச் சம்பளம், ஒரு புரொஜெக்டர், அச்சுச் செலவு வேண்டும். எந்த அமைச்சகத்துக்கு எழுதுவது? ஒருவர் வந்து "மத்திய அரசில் இதற்கென்றே ஸ்கீம் இருக்கிறது, ஃபைலை நான் நகர்த்தித் தருகிறேன், வரும் பணத்தில் 15 சதவீதம் எனக்கு, முன்பணம் தனி" என்கிறார். நம்பலாமா?

கணக்கு_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, முதலில் அந்த 15 சதவீத ஆளை அனுப்பிவிடுங்கள். மானியப் பணத்தில் கமிஷன் கொடுக்க எந்தத் தலைப்பிலும் இடம் கிடையாது. கொடுத்தால் அதை மறைக்கப் பொய் பில் போட வேண்டும், அந்தப் பில்லில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள், அவர் இல்லை. செம்பூரில் டிரஸ்ட் கணக்குகளையே பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இணையப் பாதுகாப்புக்கு மத்திய அரசு பணம் செலவழிக்கிறது, ஆனால் அது போகும் வழி வேறு. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஐசியா திட்டம் 2005-இலிருந்து நடக்கிறது, 2014-இல் இரண்டாம் கட்டம், 2023-இல் மூன்றாம் கட்டம். பெயரிலேயே தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வு என்று இருப்பதால் எல்லோரும் அங்கேதான் முதலில் ஓடுகிறார்கள். பணம் போவது ஐஐடி, என்ஐடி, சி-டாக், நைலிட் மாதிரி அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. உள்துறை அமைச்சகத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான சைபர் குற்றத் தடுப்புத் திட்டம் ஒன்று, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் உண்டு, அது மாநிலங்களுக்குத் தடயவியல் ஆய்வகம் அமைக்கவும் போலீசுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் பயிற்சி கொடுக்கவும். பி.எம்.ஜி.திஷா என்ற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தை யாராவது சொன்னால் அது கிராமத்துக்கு மட்டும், 2024 மார்ச்சோடு முடிந்தும்விட்டது. எம்.பி. நிதியைக் கேட்கலாமே என்பார்கள். அது கட்டடம், சாலை போல நிலைத்து நிற்கும் சொத்துக்கு, டீச்சர் சம்பளத்துக்கு அதில் வழியே இல்லை.

அப்படியானால் உங்களுக்கு எது? உங்கள் திட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அம்மாக்களுக்கான வகுப்பு என்பது உண்மையில் பண மோசடிப் பாதுகாப்பு. அதற்கு ரிசர்வ் வங்கியின் பக்கம் ஒரு கதவு உண்டு. பத்து வருடமாக யாரும் கேட்காமல் வங்கிகளில் கிடக்கும் டெபாசிட் பணம் 2014-இலிருந்து ஒரு தனி நிதிக்குப் போகிறது, டெபாசிட்தாரர் கல்விக்கும் விழிப்புணர்வுக்கும் உதவுவதுதான் அந்த நிதியின் வேலை. 2017-இல் தொடங்கிய நிதி எழுத்தறிவு மையங்களை நடத்துவதும் தொண்டு நிறுவனங்கள்தான். ஆனால் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும், எடுத்த எடுப்பில் கிடைக்காது. பிள்ளைகள் வகுப்புக்கு மகளிர் குழந்தைகள் துறையையும் மாநகராட்சிக் கல்வித் துறையையும் பாருங்கள், அங்கே பணம் வருவதற்கு முன் அனுமதி வரும், அதுவே பெரிய விஷயம்.

என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்குப் பொதுத்துறை நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்தான் உங்களுக்குப் பொருத்தம். கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவு, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம், அதுவும் தாங்கள் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. செம்பூர், மாஹுல் பக்கம் ரிஃபைனரி, உரக் கம்பெனி எல்லாம் தாராவியிலிருந்து எத்தனை தூரம்? அதற்கு 12ஏ, 80ஜி இரண்டும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்களுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு கம்பெனி விவகார அமைச்சகத்திலும், இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். உங்கள் மாலை வகுப்பே கல்விப் பணிதான், அந்த மூன்று வருடத்தைத் தணிக்கை செய்த கணக்கோடு காட்டுங்கள்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது தர்ப்பண் எண். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் இலவசமாகப் பதியலாம், இன்றைக்கே செய்துவிடுங்கள். அப்புறம், டிரஸ்டிகளில் யாராவது ஊருக்குப் போய்விட்டார்களா, இறந்துவிட்டார்களா? டிரஸ்டிகள் மாறியதைச் சாரிட்டி கமிஷனருக்குத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட்டை 90 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். வொர்லியில் உள்ள அந்த ஆபீஸ் பதிவில் ஒரு பெயர், தர்ப்பணில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர் என்று இருந்தால் அந்த மேஜையிலேயே ஃபைல் நின்றுவிடும். நல்ல நல்ல டிரஸ்ட்டுகள் இந்த ஒரு காகிதத்தால் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன, பார்க்கவே வயிறு எரிகிறது.

சயான்_டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த எட்டாம் வகுப்புப் பெண். மானியம் எல்லாம் பிறகு. பதினெட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் போலீசிடம் சொல்லியாக வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. "வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்" என்று விட்டுவிட முடியாது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098-இல் பேசலாம். படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, அவளுடைய போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகி அது மட்டும்தான் சேவையில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும். முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் "தப்பு அவள் மேல் இல்லை" என்று சொல்லுங்கள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்தான் பிள்ளைகளை வாய் திறக்கவிடாமல் செய்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் விண்ணப்பத்தில் இருக்க வேண்டிய முதல் பக்கமே இதுதான். ஒரு குழந்தை வந்து சொன்னால் யார் கேட்பார், யாருக்குத் தெரிவிப்பார், எங்கே எழுதி வைப்பார், சொல்லிக் கொடுக்க வருகிறவர்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டா? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்று தனியாக ஒரு தாள் இல்லாமல் இந்தத் தலைப்பில் பணம் கேட்கவே கூடாது என்பது என் எண்ணம்.

அடுத்தது போட்டோ. மானியம் கொடுப்பவர்கள் எல்லோரும் நிகழ்ச்சிப் படம் கேட்பார்கள், நம் ஆட்களும் உடனே பிள்ளைகளின் முகத்தோடு ஃபேஸ்புக்கில் ஏற்றிவிடுவார்கள். இணையப் பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் அது நடக்கவே கூடாது. பின்பக்கமிருந்து எடுங்கள், கரும்பலகையை எடுங்கள், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வருகைப் பதிவேட்டின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது.

பாடப் புத்தகம் அச்சடிக்கப் பெரிய தொகை எழுதாதீர்கள். ஐசியா சார்பில் சி-டாக் தயாரித்த கையேடுகள் இலவசம், இந்திய மொழிகளில் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் நிதி விழிப்புணர்வுச் சிறு நூலும் அப்படித்தான். மொழிதான் இங்கே சிக்கல். தாராவிப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுதுவது ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ, அம்மாக்களில் சிலர் தமிழ் வாசிப்பார்கள், சிலர் எதுவும் வாசிக்க மாட்டார்கள். அதனால் அம்மாக்களுக்குத் தாளே வேண்டாம். போனைக் கையில் கொடுத்து, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழுத்தி, பெயர் போட்டு சேமித்து வைக்கச் சொல்லுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்பதை இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து பத்து ரூபாய் அனுப்பிக் காட்டுங்கள். அந்தப் பத்து ரூபாய் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர்கள் மறப்பதே இல்லை.

பெங்களூர்_மணி எழுதியது:

அல்சூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. சின்ன டிரஸ்ட் அரசு மானியத்தின் பின்னால் அலையவே வேண்டாம். நாங்கள் ஒரு துறையிடம் கேட்டு, ஒப்புதல் வந்து, நிதியாண்டு முடியும் நேரத்தில் பணம் வந்தது. வகுப்பு எடுத்தவர்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கல்லூரியில் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் அவர்கள், ஆர்வமாக வருவார்கள். சைபர் போலீசுக்குக் கடிதம் கொடுத்தால் ஓர் அதிகாரி வந்து பேசுவார், காக்கிச் சட்டை சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை சைபர் விழிப்புணர்வு நாள், அக்டோபர் முழுக்க விழிப்புணர்வு மாதம், அதையொட்டி வைத்தால் காசில்லாமலே நடக்கும்.

கணக்கு_அண்ணாச்சி எழுதியது:

மணி சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் ஆறு மாதம் அப்படியே நடத்துங்கள், அதுவே உங்களுக்கு அனுபவச் சான்றாகும். ஆனால் ஒரு வருடம் தொடர்ந்து நடக்க வேண்டுமென்றால் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் வேண்டும். காக்கிச் சட்டை ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகும், அந்தப் பெண் மாதிரி ஒரு குழந்தை வாய் திறக்க மாதக்கணக்கில் பழகிய முகம் வேண்டும். அதற்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நம் வரிப்பணம்தானே.

வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்கிறேன். மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. அரசு மானியம் மூன்று தலைப்பில் வரும்: பொது, சம்பளம், மூலதனச் சொத்து. புரொஜெக்டர் மூன்றாவதில் வரும். அதைச் சொத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. அச்சுப் பணம் மிஞ்சியது என்று சம்பளத்துக்குத் திருப்பக் கூடாது. வருட முடிவில், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் தொடக்க இருப்பு, வந்தது, வட்டி, செலவு, மிச்சம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். வட்டிக் கட்டத்தைப் பலரும் காலியாக விடுகிறார்கள். மானியப் பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். இந்தச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது.

இன்னொன்று, ஒரே வேலைக்கு இரண்டு துறையில் மானியம் கேட்கவில்லை, வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் அம்மாக்கள் வகுப்பு, பிள்ளைகள் வகுப்பு என்று முதலிலேயே பிரிக்கச் சொன்னேன்.

தாராவி_மாலைவகுப்பு எழுதியது:

அண்ணாச்சி, டீச்சர், மணி அண்ணே, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்னபடி நேற்றே அந்தப் பெண் வீட்டுக்கு எங்கள் டிரஸ்டி அக்கா ஒருவர் போனார். அம்மாவும் பெண்ணும் அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். கமிஷன் ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

சேஞ்ச் ரிப்போர்ட் விஷயத்தில் ஒரு கேள்வி. ஒரு டிரஸ்டி திருநெல்வேலிக்கே போய்விட்டார், ராஜினாமாக் கடிதம் எங்கள் கையில் இருக்கிறது, ஆனால் 90 நாள் தாண்டிவிட்டது. இப்போது போட முடியுமா?

கணக்கு_அண்ணாச்சி எழுதியது:

போடலாம். தாமதத்துக்குக் காரணம் சொல்லி, மன்னிக்கக் கேட்டு ஒரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். ராஜினாமாக் கடிதம், அதை ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் தீர்மானம், புதியவரின் சம்மதக் கடிதம் மூன்றும் இருக்கட்டும், தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். திருநெல்வேலிக்காரரிடம் ஆதார் நகலும் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரமும் இப்போதே வாங்கி வையுங்கள். தர்ப்பணில் பழைய பெயரைப் போடாதீர்கள். உங்கள் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.