தளத்தைப் புதுப்பித்த பிறகு கூகுளில் எங்கள் சுங்குடிக் கடை வருவதில்லை, உதவுங்கள்

சுங்குடிக் கடை மகள்:
வணக்கம். மதுரை மகால் பக்கம் அப்பா சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது. போன மாதம் புது வடிவமைப்புக்கு மாற்றினோம். அதிலிருந்து கடைப் பெயரையே தேடினாலும் மேப்பில் மட்டும் வருகிறது, தளம் வருவதில்லை. முன்பு வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் வெளியூரிலிருந்து கூப்பிடுவார்கள், இப்போது யாருமில்லை. தளம் செய்து கொடுத்தவர், கீவேர்டு நிறையப் போட்டிருக்கிறேன், 5,000 ரூபாய்க்கு பேக்லிங்க், அதாவது மற்றத் தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு, வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

திருநகர்வாசி:
பணம் கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. விலைக்கு வாங்கும் லிங்க் கூகுளின் விதிக்கே எதிரானது. 2012இல் கூகுள் தேடலில் பென்குயின் என்ற மாற்றம் வந்ததே இப்படிப்பட்ட லிங்குகளைப் பிடிக்கத்தான். முதலில் கூகுளில் ஆங்கிலத்தில் 'site:' என்று போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை அடித்துப் பாருங்கள். எத்தனை பக்கம் வருகிறது?

சுங்குடிக் கடை மகள்:
ஒன்றுகூட வரவில்லை அண்ணா.

திருநகர்வாசி:
அப்படியானால் இது பின்தங்கிய கதை இல்லை, பட்டியலிலேயே நீங்கள் இல்லை. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். வேலை நடக்கும்போது டிக் போட்டுவிட்டு, முடிந்ததும் எடுக்க மறப்பது சகஜம்.

சுங்குடிக் கடை மகள்:
டிக் இருந்தது! எடுத்துவிட்டேன். உடனே வந்துவிடுமா?

திருநகர்வாசி:
சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தளக்காரர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் சைட்மேப் (உங்கள் பக்கங்களின் பட்டியல்) கொடுத்துவிட்டு, முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் இண்டெக்ஸிங், அதாவது கூகுள் பட்டியலில் சேர்க்கும்படி, கேளுங்கள். பழைய பக்கங்களின் முகவரி மாறியிருந்தால் 301 போட வேண்டும், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பாமல், அந்தந்தச் சேலையின் புதுப் பக்கத்துக்கே திருப்புங்கள். ஒரு வருஷமாவது அப்படியே இருக்கட்டும்.

அனுப்பானடி அக்கா:
நானும் தளத்தைப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 'மதுரை சுங்குடி' என்று வரிவரியாக இருக்கிறது. இன்றைக்கே அழித்துவிடம்மா. கண்ணுக்குத் தெரியாமல் எழுத்தை ஒளிப்பதைக் கூகுள் ஸ்பேம் என்றே சொல்கிறது. பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் மெட்டா கீவேர்டு பட்டியலும் பயனில்லை, வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று 2009லேயே அறிவித்துவிட்டார்கள்.

எனக்கு வருத்தமாக இருந்தது வேறு விஷயம். சேலைப் பெயர், விலை எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கீழே இருக்கும் நாலு வரியும் மொத்த வியாபாரிகள் எல்லோரும் போடும் அதே வாசகம். கடைக்கு வருபவரிடம் அப்பா என்ன சொல்வார்? கையால் முடிச்சிட்ட புள்ளி எது, அச்சுப் புள்ளி எது, எப்படித் துவைக்க வேண்டும், ஏன் இந்த விலை. அதை அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுது. மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லலாமே. சென்னையில் உட்கார்ந்து தேடுபவருக்குத் தெரிய வேண்டியது இதுதான், வேறு எந்தத் தளத்திலும் அது கிடைக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு கொடு. 'முகப்பு', 'பக்கம் 2' என்று இருக்கக் கூடாது.

சுங்குடிக் கடை மகள் (பதினொரு நாள் கழித்து):
முகப்பும் ஆறு சேலைப் பக்கங்களும் வந்துவிட்டன. ஒளித்த எழுத்தை எடுத்தாயிற்று, பேக்லிங்க் வாங்கவில்லை. அப்பா பேசியதைப் போனில் பதிந்து முடிச்சு பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நேற்று கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு, அப்பாவிடம் இருபது நிமிஷம் பேசினார். அண்ணா, விற்றுத் தீர்ந்த சேலையின் பக்கத்தை அழிக்கலாமா?

திருநகர்வாசி:
அதே சேலை மறுபடி வரும் என்றால் 'இருப்பில்லை' என்று போட்டு அப்படியே வையுங்கள். வராது என்றால் அதே வகைச் சேலைகள் இருக்கும் பக்கத்துக்கு 301.