ஒன்பதாம் வகுப்பு மகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பலாமா? (திருச்சி, உறையூர் பக்கம்)

உறையூர் அம்மா:

மகளுக்கு 14 வயது. வீடு நாச்சியார் கோயில் பக்கம், பள்ளி கன்டோன்மென்டில். சுமார் நான்கு கிலோமீட்டர் இருக்கும். இத்தனை வருடமும் ஆட்டோதான். ஆட்டோ அண்ணன் தங்கமான மனிதர், ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஆனால் வண்டியில் ஒன்பது பிள்ளைகள். கடைசியாக ஏறும் இவள் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி போவதைப் போன மாதம் கண்ணால் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் கேட்டால், "டெய்லி அப்படித்தாம்மா. இதுக்கு சைக்கிளே பரவாயில்ல" என்கிறாள்.

அந்த வார்த்தைதான் பத்து நாளாகத் தூங்கவிடவில்லை. தெருவில் நன்றாக ஓட்டுகிறாள். மெயின் ரோட்டில் தனியாகப் போனதே இல்லை. புத்தூர் நாலுரோட்டில் காலை எட்டேகால் மணிக்கு என்ன கூட்டம் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் வாரம் மூன்று நாள் டியூஷன் முடிந்து வர ஏழு மணி ஆகும்.

கணவர் வேலை பெங்களூரில். "உன் இஷ்டம்" என்கிறார், அதாவது ஏதாவது ஆனால் என் தலையில். மாமியார், "பொம்பளப் புள்ளய நடுரோட்டுல விடுவியா?" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கோ சைக்கிளே ஓட்டத் தெரியாது. என் அண்ணன் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட காலத்தில், வாடகைச் சைக்கிளுக்கு நேரம் பார்த்துச் சொல்கிற வேலைதான் எனக்கு. தெரியாத ஒன்றை எப்படி அனுமதிப்பது, எப்படி மறுப்பது? பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

பெடல்காரன்:

சகோதரி, என் மகன் எட்டாம் வகுப்பிலிருந்து சைக்கிளில் போகிறான், இப்போது பதினொன்று. நானும் இதே ஊர்தான். ஒரு தடவை விழுந்தான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. ஓரமாக நிறுத்தியிருந்த காரில் ஒருவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். இடது கையில் முறிவு, ஆறு வாரம் கட்டு. நாம் "ஓரமாப் போ, ஓரமாப் போ" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கார்க் கதவுக்குள் தள்ளுகிறோம். நிற்கும் வண்டியிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளித்தான் போக வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவன் அடித்துக்கொண்டு போகட்டும்.

இரண்டாவது, டவுன் பஸ். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் இடது பக்கச் சந்தில் மட்டும் புகவே கூடாது. இறங்குகிறவர்கள் மோதுவார்கள், பஸ் இடது பக்கம் ஒடித்தால் டிரைவர் கண்ணுக்குச் சைக்கிள் தெரியவே தெரியாது. பஸ் கிளம்பும்வரை பின்னாலேயே நிற்கச் சொல்லுங்கள். இதை வாயால் சொன்னால் ஏறாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை டெப்போவுக்கு வெளியே நின்ற ஒரு பஸ்ஸின் பின்பக்கம் நிறுத்திவிட்டு, "இங்கிருந்து உனக்கு டிரைவரோட கண்ணாடி தெரியுதா பார். உனக்கு அது தெரியலன்னா அவருக்கு நீ தெரியல" என்று காட்டினேன். அதற்கப்புறம் அவனுக்குச் சொல்ல வேண்டி வரவில்லை.

நாலுரோட்டுக்கு என் யோசனை: ஓட்டவே வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு, நடந்து போகிறவர்களோடு சேர்ந்து கடக்கட்டும். இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான். வெட்கப்படுவாள், பரவாயில்லை. வலது பக்கம் திரும்ப வேண்டிய பெரிய சந்திப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மெயின் ரோட்டில் போகாமல் தில்லைநகர் கிராஸ் தெருக்களுக்குள் புகுந்து போக முடியுமா என்றும் பாருங்கள். தூரம் கொஞ்சம் கூடலாம், பஸ் இருக்காது.

சைக்கிளைப் பொறுத்தவரை கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் தேவையில்லை. "வளர்ற பொண்ணு, பெருசா எடுங்க" என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் முன்கால் தரையில் ஊன்ற வேண்டும். சுடிதார் யூனிஃபார்ம் என்றால் செயின் கவர் முழுதாக மூடியது, பின் சக்கரத்துக்கு வலை. துப்பட்டாவைப் பின் குத்தி இடுப்பில் முடிய வேண்டும். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டட்டும். பின்னால் மினுக்கும் சிவப்பு லைட் கட்டாயம். ஏழு மணி டியூஷனுக்கு மட்டும் முதல் மூன்று மாதம் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேகே நகர் கார்த்தி:

எதுக்கு இந்த வெயிலில் பிள்ளையை மிதிக்க விடுகிறீர்கள்? ஒரு ஸ்கூட்டி எடுத்துக் கொடுங்கள். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பசங்களே ஓட்டுகிறார்கள்.

பெடல்காரன்:

கார்த்தி தம்பி, வம்பு வேண்டாம். 16 வயதானாலும் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்குத்தான் லைசென்ஸ். கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். 2019இல் சட்டம் திருத்திய பிறகு, சிறுவர் வண்டி ஓட்டித் தப்பு நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. இந்தப் பெண்ணுக்கு 14தான்.

பழைய டீச்சர்:

உறையூர் அம்மா, நான் புதுக்கோட்டைக்காரி, ரிடையர் ஆகி ஆறு வருடம் ஆகிறது. உன் மாமியார் சொன்னதை நான் 1991இலேயே கேட்டுவிட்டேன். அப்போது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் வீடு வீடாக வந்த நேரம். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நான் தொண்டராகப் போனவள். பாடம் நடத்தத் தெரியும், சைக்கிள் தெரியாது! என்னிடம் எழுத்துக் கற்ற கல்குவாரி வேலைக்குப் போகும் ஒரு அக்காதான் எனக்குச் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினோம். டீக்கடையில் பேசாத பேச்சில்லை. 92 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு ஊருக்குள் போனபோது அதே டீக்கடை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்கு ரோட்டில் இத்தனை கார் இல்லை, அது உண்மை. அதனால் பெடல்காரத் தம்பி சொன்ன எச்சரிக்கை எல்லாம் சரி. ஆனால் "பொம்பளப் புள்ள" என்ற காரணத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதே. நான் கடைசியாக வேலை பார்த்த கிராமத்து மேல்நிலைப் பள்ளியில், 11ஆம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளில் ஏழெட்டு கிலோமீட்டர் மிதித்து வரும் பெண்கள் இருந்தார்கள். அதுவரை பஸ் தவறினால் லீவு போட்டவர்கள்தான்.

இன்னொன்று. நீயும் கற்றுக்கொள். வயதாகவில்லை.

உறையூர் அம்மா:

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சைக்கிள் வாங்கியாயிற்று. முதல் இரண்டு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு அவள் முன்னால், நான் பின்னால் ஸ்கூட்டரில். தில்லைநகர் கிராஸ் வழி அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒரு கிராஸில் மட்டும் நாய்கள் துரத்துகின்றன. வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடுகின்றன என்று அவளே கண்டுபிடித்தாள். நாலுரோட்டில் தள்ளிக்கொண்டு போக முதலில் முறுக்கிக்கொண்டாள், இப்போது பேச்சில்லை. அக்டோபர் மழை வந்தால் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது, மழை நாளில் ஆட்டோதான் என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். ஆட்டோ அண்ணனும் சரி என்றுவிட்டார்.

தனியாகப் போய் இன்று எட்டாவது நாள். முதல் நாள் பள்ளியிலிருந்து போன் வரும்வரை அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நேற்று அரை மணி நேரம் தாமதம். மாமியார் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து ஓய்ந்துவிட்டார். பார்த்தால் செயின் கழன்று, அவளே மாட்டிக்கொண்டு கை, கால், வெள்ளைத் துப்பட்டா எல்லாம் கறுப்பாக வந்து நிற்கிறாள். முகத்தில் என்ன பெருமை! மாமியார் திட்டவில்லை, "நல்லா எண்ணெய் போடச் சொல்லு செயினுக்கு" என்று மட்டும் சொன்னார்.

டீச்சரம்மா, நான் கற்றுக்கொள்வதைப் பிறகு பார்ப்போம். வெள்ளைத் துணியில் கிரீஸ் கறை போக என்ன போட வேண்டும்?

பழைய டீச்சர்:

தண்ணீர் படும் முன் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரை மணி ஊறவிடு. அப்புறம் பாத்திரம் துலக்குகிற லிக்விட் போட்டுக் கசக்கு, வெந்நீரில் அலசு. பிறகு பார்ப்போம் என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன்.