மறு: யோனி மேலணியில் புற்றுக்கு முந்திய நிலை – சொல் வேண்டும்

வணக்கம் டொக்டர்,

இந்த நிலைக்கு நீங்கள் சொன்ன "முன்புற்று" சுருக்கமான சொல்தான். ஆனால் துண்டுப்பிரசுரத்தில் போட்டால் வாசிக்கிறவரின் கண்ணில் படுவது "புற்று" மட்டும். மூன்று படிகளில் லேசான முதலாம் படிக்கு அந்தப் பெயர் பொருந்தவும் இல்லை. அதில் மேலணியின் (யோனிச் சுவரை மூடும் கலப்படையின்) அடி மூன்றிலொரு பங்கில்தான் கலங்கள் ஒழுங்கு குலையும், பெரும்பாலும் எச்.பி.வி. (மனிதப் பப்பிலோமா வைரசு) தொற்றின் அடையாளம், தானாகவே மறையும். மூன்றாம் படியில் முழுத் தடிப்பும் குலைந்தாலும் அடித்தள மென்சவ்வு உடையாது. உடைந்தால்தான் புற்றுநோய். எனவே "மேலணியக மாற்றம்" என்று வைக்கலாமா? மேலணி இங்கே பாடசாலை உயிரியலிலேயே உள்ள சொல்.

---

> மேலணியக மாற்றம்

ரீச்சர், "அக" மிகச் சரி. "மாற்றம்" போதாது. மாதவிடாய் நின்றபின் மேலணி மெலிவதும் மாற்றம்தான். நுணுக்குக்காட்டியில் அது கடும் படிபோலவே ஏமாற்றும். அங்கே பி16 என்ற கலப் புரதத்துக்குச் சாயமூட்டிப் பார்ப்போம். வைரசின் ஈ7 புரதம் கலப்பிரிவைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தை முடக்குவதால் பி16 குவிந்து, இடைவெளியில்லாத பட்டையாகச் சாயம் பிடிக்கும். வெறும் மெலிவில் அப்படிப் பிடிக்காது. இந்த வேறுபாடு சொல்லில் தெரிய "பிறழ்வு" வேண்டும்: யோனி மேலணியகப் பிறழ்வு.

படிகளுக்குத் "தாழ்தரம், உயர்தரம்" வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் என்றால் ஏ.எல். சோதனை! முதலாம் படி மென்பிறழ்வு. இரண்டும் மூன்றும் கடும்பிறழ்வு.

---

கடும்பிறழ்வுக்கு என் வாக்கும். விளக்கக் குறிப்பில் இவையும் வரட்டும்.

யோனிப் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றிலும், கடும்பிறழ்வில் பத்தில் ஒன்பதுக்கு மேலும் எச்.பி.வி. காணப்படுகிறது, முதன்மையானது 16ஆம் வகை. கருப்பைக் கழுத்தில் உள்ள உருமாறு வலயம் (ஒருவகை மேலணி மற்றொரு வகையாக மாறும் இடம்) யோனியில் இல்லை. அதே வைரசு தொற்றியும் இங்கே புற்று அரிதாயிருக்க அது ஒரு காரணம்.

பெரும்பாலும் அறிகுறி இராது. மேல் மூன்றிலொரு பகுதியிலேயே அதிகம் வரும், யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தின் அலகு மறைத்துவிடும். அலகைச் சுழற்றி முன், பின் சுவர்களையும் பார்க்கவேண்டும். அசற்றிக்கமிலம் இட்டால் பிறழ்ந்த இடம் வெளுக்கும். லூகோல் அயடீனில் கிளைக்கோசன் உள்ள நல்ல மேலணி கருங்கபிலமாகும், பிறழ்ந்தது மஞ்சளாய் நிற்கும். மெலிந்த மேலணியும் மஞ்சளாகவே நிற்கும் என்பதால் அயடீனை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது. திசுத்துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும்.

கருப்பைக் கழுத்துப் பிறழ்வுக்காகக் கருப்பை அகற்றியவருக்கு யோனி மேல்நுனித் தையலின் இரு மூலைகளிலும் இது ஒளிந்திருக்கலாம். "கருப்பை இல்லை, இனிச் சோதனை தேவையில்லை" என்ற வரியைப் பழைய பிரசுரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.