பத்து மெயிலில் மூன்று மட்டும் வருவதில்லை, ஏனுங்க?

தறிக்காரர், சென்னிமலை
வணக்கமுங்க. பெட்ஷீட் விற்கிற எங்கள் வெப்சைட்டை நானே பிஎச்பி என்கிற புரோகிராம் மொழியில் எழுதினேன். யாராவது விசாரணைப் படிவத்தை நிரப்பினால் அதிலுள்ள மெயில் அனுப்பும் ஃபங்ஷன் வழியாக என் ஜிமெயிலுக்குத் தகவல் வர வேண்டும். பத்தில் ஏழு வருகிறது, மூன்று வருவதில்லை. ஸ்பேமிலும் இல்லை. ஃபங்ஷனோ ஒவ்வொரு தடவையும் ‘ட்ரூ’ (சரி) என்கிறது. நேற்று ஒருவர் போனில், "நாப்பது ஜோடி கேட்டு எழுதினேன், ஒரு வார்த்தை பதில் இல்லையே" என்று சத்தம் போட்டார். கம்ப்யூட்டருக்கு ஆர்டர் நோட்டே மேல் என்று அப்பா ஆரம்பித்துவிட்டார்.

பெருந்துறை
‘ட்ரூ’ என்பது பேலை லாரி ஆபீசில் இறக்கியதற்குத் தருகிற ரசீது மாதிரிங்க. சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று அதில் இருக்காது. வெப்சைட்டை வைத்திருக்கிற ஹோஸ்டிங்கில் மணிக்கு இத்தனை மெயில்தான் என்று வரம்பு இருக்கலாம். எது போனது, எது போகவில்லை என்று பதிவாகிற மெயில் லாகை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

கோபி
வரம்பு என்றால் கூட்டமான நேரத்தில்தான் போகாது. ‘ஃப்ரம்’ வரியில் யார் முகவரி போடுகிறீர்கள்?

தறிக்காரர், சென்னிமலை
வாடிக்கையாளர் முகவரிதான். ரிப்ளை அழுத்தினால் நேரே அவருக்குப் போகட்டும் என்று.

கோபி
அங்கேதான் கோளாறு. அவர் யாஹூ முகவரி கொடுத்தால், உங்கள் சர்வர் யாஹூ பெயரில் மெயில் அனுப்புகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு) ‘ரிஜெக்ட்’ ஆக்கியது: எங்கள் பெயரில் வேறு சர்வர் அனுப்பினால் வாங்காதே என்று அர்த்தம். ஜிமெயில் அதை மதித்து வாசலிலேயே திருப்பிவிடும், ஸ்பேமுக்குக்கூட வராது. மெயில் போகவில்லை என்று திரும்பி வரும் பவுன்ஸ் தகவலும் யாரும் திறக்காத சர்வர் பெட்டியில் விழும். வராதவை யாருடையவை என்று பாருங்களேன்.

தறிக்காரர், சென்னிமலை
நல்லவேளை, டேட்டாபேஸிலும் சேமிக்கிறேன். வராதது பதினொன்று. அதில் பத்து யாஹூ! மிச்சம் ஒன்று ஒரு ஏற்றுமதிக் கம்பெனி முகவரி.

கோபி
அவர்களும் ‘ரிஜெக்ட்’ வைத்திருப்பார்கள். ‘ஃப்ரம்’ உங்கள் டொமைன் முகவரியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் முகவரியை, பதில் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ‘ரிப்ளை-டு’ வரியில் போடுங்கள். அந்த முகவரியில் வரி உடைப்பு இருந்தால் ஏற்காதீர்கள், ஸ்பேம்காரர்கள் அதன் வழியாகத்தான் கூடுதல் ஹெடர் (‘ஃப்ரம்’ போன்ற தலைப்பு வரி) நுழைப்பார்கள். மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் டொமைனுக்கு அமையுங்கள். முடிந்தால் பிஎச்பிமெயிலர் என்கிற மெயில் அனுப்பும் நிரல் தொகுப்பை வைத்து, மெயில் சர்வரின் 587 போர்ட்டில் லாகின் செய்து அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தையாவது சொல்லும்.

தறிக்காரர், சென்னிமலை
‘ஃப்ரம்’ மாற்றினேன், யாஹூ முகவரி கொடுத்து நாலு தடவை சோதித்தேன், நாலும் வந்தது. நாற்பது ஜோடிக்காரருக்கும் பேசிவிட்டேன், லாரி வாடகை நம்முடையது என்றதும் சரி என்றார். இப்போது தமிழ்ப் பெயர்கள் சப்ஜெக்டில் கேள்விக்குறியாக வருகின்றன. அதைத் தனியாகக் கேட்கிறேனுங்க.